ஓரியனைப் பிடித்த ரத்தினசபாபதி

பொள்ளாச்சி வானம் பார்ப்போர் சங்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ரத்தினசபாபதி வாயைத் திறந்தால், அவர் மூடுவதற்குள் டீ ஆறி ஏடு கட்டிவிடும். அன்றைக்குக் கோவைக் கண்காட்சிக்கு அனுப்ப ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓரியன் நெபுலா என்ற விண்மேகத்தை இரண்டு பேர் படம் எடுத்திருந்தார்கள். ஒருவர் அவர், இன்னொருத்தி பேங்க்கில் வேலை பார்க்கும் ஜெசிந்தா.

அவர் படம் திரையில் விழுந்ததுமே, அது தன் படமோ என்று ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் தட்டியது. தன் நெபுலா படத்தைப் பிரிண்ட் போடச் சொல்லி அவள் கொடுத்த பென்டிரைவை, "திறக்கவே மாட்டேங்குது அம்மிணி" என்று போன வாரம்தான் திருப்பித் தந்திருந்தார். ஆனால் என்னவென்று கேட்பது? யார் எடுத்தாலும் ஓரியன் நெபுலா அதே ஓரியன் நெபுலாதானே!

"வால்பாறைக்கு மேல போனனுங்க," என்று ஆரம்பித்தார் அவர். "இருட்டுன்னா அப்படியொரு இருட்டு. தோசையைப் பிட்டு என் வாயில வெக்கறேன், பக்கத்துல நின்ன டிரைவர் 'சட்னி காரம்'ங்கறான்."

"பூமி சுத்துதே, படம் அலையாதுங்களா?" என்றார் செயலாளர் ஆறுக்குட்டி.

"மத்தவங்களுக்கு அலையும். நான் ஸ்டாண்டை அழுத்தி ஊனுன ஊனுல பூமியே நின்னுபோச்சுங்க. அன்னிக்கு ஊர்ல விடியறதுக்கு லேட்டாச்சே, யாரும் கவனிக்கலை?"

"பால்காரன்தான் லேட்டுன்னு நெனச்சேன்," என்றார் ஆறுக்குட்டி.

"எடுக்கறது பெருசில்லீங்க. ஆயிரக்கணக்கான படத்தை ஒண்ணுமேல ஒண்ணா கம்ப்யூட்டர்ல அடுக்கோணும். அடுக்குன கனத்துல மேசைக்காலு நாலும் தரைக்குள்ள எறங்கிருச்சு. அப்புறம் படத்துல 'இரைச்சல்'னு சொல்ற பொடிப்புள்ளிப் பிசிறை எடுக்கோணும். கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துட்டனுங்க. எங்க வீதியே ஊமையாயிருச்சு. நாய் வாயைத் திறக்குது, சத்தத்தைக் காணோம்!"

"உங்க சத்தம் மட்டும் எப்படீங்க தப்பிச்சுது?" என்றது பின்வரிசைக் குரல்.

அவர் காதில் வாங்கவில்லை. "செவப்பைத் துளி ஏத்துனேன். வெளியில கொடியில காஞ்ச என் வெள்ளை வேட்டி செவந்துபோச்சு."

கூடம் கைதட்டியது. "அப்ப இதையே அனுப்பிரலாமுங்களா?" என்று ஆறுக்குட்டி பேனாவை எடுத்துவிட்டார். பனியில் விரல் விறைக்க விறைக்கத் தான் எடுத்ததை இந்த மனுஷன் வாயாலேயே எடுத்துவிட்டாரே என்று ஜெசிந்தா உள்ளுக்குள் பொருமினாள்.

கைதட்டல் அவரைச் சும்மா விடவில்லை.

"இருங்க, முக்கியமானதைச் சொல்லலையே! மேல வலது மூலையில செவப்பா ஒரு புள்ளி தெரியுதுங்களா? எந்தப் பட்டியல்லயும் இல்லாத நட்சத்திரம். நான் கண்டுபிடிச்சது. பேரு ரத்தினசபாபதி. என் கேமராவைப் பார்த்ததும் வெக்கத்துல செவந்துருச்சு."

ஜெசிந்தா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"நட்சத்திரம் இல்லீங்கண்ணா. என் கேமராவுல பழுதான புள்ளி. எதை எடுத்தாலும் அதே மூலையில செவப்பா வந்து நிக்கும். என் தம்பி கல்யாண குரூப் போட்டோவுல, ஓரத்துல நின்ன எங்க சித்தப்பாவுக்கு மூக்குத்தி போட்டு உட்டுருச்சுங்க. மனுசன் இன்னும் எங்க வீட்டுக்கு வர்றதில்லை."