குடியோட்டியும் சினையாடும்

ஒரு கோடையில் கண்மாய் வற்றி, கரையோரப் புல்லெல்லாம் கருகிப்போனது. குடியோட்டிச் செடி மட்டும் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. உடம்பெல்லாம் முள். கிள்ளினால் வடிகிற பாலும் மஞ்சள், அதில் நஞ்சு. ஆடுமாடு எதுவும் அண்டாது. செடிக்கு அதில் குறையொன்றும் இல்லை. வேண்டிய மட்டும் வெயில் இருந்தது. தேனீக்கள் வந்து போயின. முள்ளுக்கடியில் ஒளிந்து பிழைத்த ஒரு கைப்பிடி அறுகம்புல் பேச்சுத் துணைக்கு இருந்தது.

ஒருநாள் உச்சிவேளையில் மந்தையைவிட்டுப் பின்தங்கிய செம்மறி ஒன்று அங்கே வந்தது. நிறைசினை. வெளியூர்ச் சந்தையிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு இந்தச் செடியைத் தெரியாது. பச்சையைக் கண்டதும் வாயைக் கொண்டுபோனது.

"என்னைத் தின்னாதே தாயி. நான் நஞ்சு," என்றது குடியோட்டி.

ஆடு நம்பவில்லை. தின்ன வருகிறவளிடம் எந்தச் செடிதான் தன்னை இனிப்பு என்று சொல்லும் என்று கேட்டது. வயிற்றில் குட்டி கிடந்து உதைப்பதையும், இரண்டு நாளாகச் சருகைத் தவிர வேறொன்றும் கிடைக்காததையும் சொன்னது. சொல்லிக்கொண்டே ஒரு பூவுக்கு நாக்கை நீட்டியது.

செடி தவித்துப்போனது. பக்கத்தில் வேறு பச்சை இல்லை. தன்னை நம்பி அடியில் கிடக்கிற புல்லை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

அறுகே வாய் திறந்தது. "அக்கா, இந்தப் பக்கமா மூக்கை நுழை. முள்ளு கொஞ்சம் கீறும். தழையை மேஞ்சுக்க, வேரை மட்டும் விட்டுரு. மழை வந்தா தழைச்சுக்குவேன்."

உனக்குச் சம்மதந்தானா என்று செடி கேட்டது. "நீ காப்பாத்தி வளர்த்த தழைதானே. அதுக்கும் ஒரு வேலை வேண்டாமா?" என்றது அறுகு.

ஆடு மூக்கில் கீறல் வாங்கிக்கொண்டு, நிதானமாக மேய்ந்தது. வேரைத் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆட்டைத் தேடிக்கொண்டு மேய்ப்புக்காரி வெள்ளத்தாய் வந்தாள். தன் ஆட்டின் வாய் விஷச்செடிக்குள் இருக்கக் கண்டு ஓடிவந்தாள். ஆட்டை விரட்டிவிட்டு, கைக்கம்பால் செடியை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"ரெண்டு உசுரை வாங்கப் பார்த்தியே," என்று வைதாள்.

இரண்டு கிளை ஒடிந்து பால் வடிந்தது. ஆட்டைக் காக்க வந்தவள்மேல் செடிக்குக் கோபம் வரவில்லை. மிஞ்சிய கிளையில் மறுநாள் காலை வழக்கம்போலப் பூ விரிந்தது.

ஒரு வாரம் கழித்து மந்தை மறுபடி அந்தப் பக்கம் வந்தது. செம்மறியின் மடியை ஒரு குட்டி முட்டிக்கொண்டே வந்தது. கூட வந்த ஆடுகள் செடியைக் கண்டு ஒதுங்கி நடந்தன. இந்தக் கெட்ட செடிகிட்டயா போய் நின்னே என்று அதில் ஒன்று கேட்டது.

செம்மறி செடியின் காதில் விழும்படியே சொன்னது:

"நஞ்சுள்ள செடிதான். கெட்ட செடின்னு யார் சொன்னது?"