நூற்றிருபது பாயிண்ட் காற்று

"மாஸ்டர், கை மரத்துப் போகுது" என்றாள் பூங்கோதை.

மாசிலாமணி மாஸ்டர் நிமிரவே இல்லை. செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"போகட்டும்."

"ஊசியில நூல் கோக்க முடியல. நேத்து ஒரு ரவிக்கைக்குக் கழுத்தைக் கோணலா வெட்டிட்டேன். தையல்தான் மாஸ்டர் எனக்குச் சோறு."

"சோறு வேணும்னா வீட்டுல உக்காந்து தைங்க. வேகம் வேணும்னா இங்க வாங்க. ரெண்டுல ஒண்ணு."

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது மாஸ்டரின் சைக்கிள் பயிற்சிக் கொட்டகை. ஊரார் அதை மடம் என்பார்கள். கிண்டல்தான், ஆனால் பொய் இல்லை. எட்டு சீடர்கள், ஒரே விதி. ஒல்லி டயர், அதில் நூற்றிருபது பாயிண்ட் காற்று. கட்டைவிரலால் அழுத்தினால் விரல்தான் நசுங்க வேண்டும். தார் ரோடோ, கல் ரோடோ, அதே காற்று. வலிக்கிறதுதான் வேகம் என்பார் மாஸ்டர்.

பந்தியில் பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள். அதற்குப் பெயர் தவமாம்! உட்கார்ந்த இடத்தில் புண்ணு என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மலைச்சுற்று சைக்கிள் பந்தயம். பாதி தார், பாதி கல்லும் மண்ணும். மடத்துக்கு ஒரே ஒரு இடம். அந்த இடத்துக்காகத்தான் பூங்கோதை ஒன்றரை வருஷமாக விடிகாலையில் எழுந்து மிதித்தாள். வயது நாற்பத்தாறு. மாஸ்டரைவிட மூன்று வயது மூத்தவள். அதனால்தான் அவர் வாயில் அந்த 'ங்க'. மற்றபடி திட்டுவதில் அவளுக்கு ஒரு சலுகையும் கிடையாது.

"ரெண்டும் வேணும் மாஸ்டர்."

"என்னது?"

"கையும் வேணும். வேகமும் வேணும்."

கொட்டகையில் பம்ப் அடிக்கிற சத்தம் நின்றது. மற்ற ஏழு பேரும் திரும்பினார்கள்.

"சுகமும் வேகமும் ஒரே வண்டியில ஏறாது."

"ஏத்திப் பாத்திருக்கீங்களா?"

"பாக்க வேண்டிய அவசியம் இல்ல."

"அப்ப உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் பாத்துட்டு வரேன்."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடேயப்பா, அந்த ஏழு பேர் முகத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

திண்டுக்கல் டயர் கடையில் கடைக்காரர் பத்து டயரை எடுத்துப் போட்டார். பூங்கோதை விலையையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. ஜவுளிக்கடையில் துணி பார்ப்பதுபோல டயரின் பக்கவாட்டை இரண்டு விரலில் பிடித்து மடித்தாள்.

"இது சாக்கு. வேற காட்டுங்க."

அடுத்தது.

"இது தார்ப்பாய்."

கடைக்காரர் முள் முள்ளாகப் பட்டன் வைத்த ஒன்றைக் காட்டினார்.

"இது சேத்துக்கு. எங்க பக்கம் சேறு எங்க இருக்கு?"

அவர் சலித்துப்போய் மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். அவளுடைய பழைய டயரைவிட நல்ல அகலம். நடுவில் கிட்டத்தட்ட வழுக்கை. பக்கவாட்டு மெல்லிய மல் துணி மாதிரி மடிந்தது. மரத்த விரலுக்கே அது தெரிந்தது.

"இது சீக்கிரம் கிழிஞ்சிடும்மா."

"கிழிஞ்சா வேற மாத்திக்கிறேன். கை போனா மாத்த முடியுமா?"

புது டயரை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கல் ரோட்டிலேயே கிடந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் காற்றை இறக்கினாள். ரிம் கல்லில் இடித்ததும் நிறுத்தி, கொஞ்சம் ஏற்றினாள். முன்னால் நாற்பத்தைந்து, பின்னால் ஐம்பது என்று வந்து நின்றது.

மூன்றாம் நாள் காலையில் மாஸ்டர் அந்த டயரை அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது.

"இது டயரா, இட்லியா?"

ஏழு பேரும் சிரித்தார்கள்.

"கழட்டுங்க."

"கழட்ட மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை இடம் கிடையாது."

"ஒரு சுத்து என்கூட வாங்க மாஸ்டர். நான் பின்தங்கிட்டா நானே போயிடறேன். நீங்க போகச் சொல்லவே வேணாம்."

உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். ஒன்றரை வருஷமும் ஒரு காலையில் போய்விடுமே! ஆனாலும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

மாஸ்டர் வண்டியில் ஏறினார்.

தார் ரோட்டில் அவர்தான் முன்னால். வண்டி கடகடவென்று அதிர்ந்தது. பார்க்கிறவர்களுக்கு ராக்கெட் போகிறது என்று தோன்றும். பூங்கோதையின் வண்டியில் சத்தமே இல்லை. நகர்கிறோமா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் நடுவில் இருந்த தூரம் மட்டும் கூடவில்லை.

குவாரி ரோடு வந்தது. ஜல்லி.

மாஸ்டர் சீட்டைவிட்டு எழுந்தார். பிரேக் பிடித்தார். நல்ல இடம் தேடித் தேடி வளைந்தார். சக்கரம் கல்லுக்குக் கல் எகிறியது.

பூங்கோதை உட்கார்ந்தபடியே மிதித்தாள். அவரைத் தாண்டும்போது, "மன்னிச்சுக்குங்க மாஸ்டர்" என்றாள். வேகத்தை மட்டும் குறைக்கவில்லை.

ஏரிக்கரை மண்பாதை. மறுபடி தார். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கொட்டகைக்கு வந்து இறங்கியதும் விரல்களை மடக்கினாள், நீட்டினாள். பத்தும் சொன்னபடி கேட்டன. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

நாலு நிமிஷம் கழித்து மாஸ்டர் வந்தார். தண்ணீர் தம்ளரை எடுத்தார். மரத்த விரலில் தம்ளர் நிற்காமல் பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. மீதியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க போறீங்க."

"இந்த டயரோடயா?"

"வண்டி உங்களுது. என்னை ஏன் கேக்கறீங்க?"

பிறகு மற்ற ஏழு பேர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கெல்லாம் வலிக்கலையாடா?"

மூத்த சீடன் சங்கரலிங்கம்தான் மெல்லச் சொன்னான்.

"வலிச்சுது மாஸ்டர். எட்டு வருஷமா வலிக்குது."

"பின்ன ஏன்டா சொல்லல?"

"வலிக்கிறதுதான் வேகம்னு நீங்கதானே சொன்னீங்க."

மாஸ்டருக்கு வந்ததே கோபம்.

"சொன்னது நான்டா! சீட்டுல உக்காந்தது நீதானே?"