மந்தி வைத்த மண்சுவர்

“என் சுவரை உடைக்க உனக்கு என்னய்யா உரிமை? ரெண்டு நிமிஷம்தானே போனேன்! விரல் நுழையற அளவுக்கு சந்துகூட விட்டிருந்தேனே!”

மந்தி இதையே மூன்றாவது தடவையாகக் கத்தியது. கத்தியது மரங்கொத்தியைப் பார்த்து. மரங்கொத்தியோ, இடி விழுந்து செத்துப்போன ஒரு பட்டமரத்தைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கியது. அதன் அலகு நுனியில் உடைந்து ரத்தம் கசிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு மரப்பொந்து. பொந்தின் வாயை அடைத்திருந்த மண்சுவர், துண்டு துண்டாகக் கீழே பாறையில் கிடந்தது.

“பேசேன்யா! வாயில என்ன, புழுவா?”

“பொந்துக்குள்ள பாரு” என்றது மரங்கொத்தி.

மந்தி எட்டிப் பார்த்தது. பொந்து காலி!

“ஐயோ! என் மொட்டு எங்கே? என் பிள்ளையை என்ன செஞ்சே?”

“இப்பவாவது கேட்டியே! சுவரைப் பத்தி மூணு தரம் கேட்டாச்சு. பிள்ளையைப் பத்தி இதுதான் முதல் தரம்!”

நடந்தது இதுதான்.

மொட்டு அந்த மந்தியின் குட்டி. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பல் முளைக்கிற சமயம் வேறு. ராத்திரி பூராவும் கத்தித் தீர்த்துவிட்டு, விடிந்த பிறகுதான் கண்ணயர்ந்தது. ஓடைக்கு அக்கரையில் அத்திமரம் பழுத்திருந்தது. குரங்குக் கூட்டம் மொத்தமும் அங்கேதான்.

‘எழுப்பினால் மறுபடியும் ஆரம்பித்துவிடும்’ என்று மந்தி யோசித்தது. ‘தூக்கிக்கொண்டு போனால் பழம் பறிக்க ஒரு கைதான் மிச்சம். ஓடிப்போய் நாலு பழம் பறித்துக்கொண்டு ஓடிவந்தால் என்ன?’

அதே காட்டில் இருவாச்சிப் பறவைகள் இரண்டு குடியிருந்தன. முட்டையிடும் காலம் வந்தால், அவை பொந்தின் வாயைப் பூசி அடைத்துவிடும். சாப்பாடு கொடுக்கச் சின்ன சந்து ஒன்று மட்டும் இருக்கும். பாம்பு நுழையாது, மரநாய் நுழையாது. மந்தி அந்தச் சுவரை மாதக்கணக்காகப் பார்த்து வியந்திருக்கிறது. சுவரை மட்டும்தான் பார்த்தது. அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.

பட்டமரத்தில் ஒரு பொந்து கைக்கெட்டுகிற உயரத்தில் இருந்தது. பக்கத்து வேங்கைமரத்தின் நிழல் அதன்மேல் விழுந்து, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மந்தி தூங்குகிற குட்டியை உள்ளே கிடத்தியது. ஓடையிலிருந்து களிமண் அள்ளிவந்து வாயை அடைத்தது. ஒரு விரல் அளவு சந்து விட்டது. தன் வேலைத்திறமையைத் தலையைச் சாய்த்து ஒருமுறை ரசித்தும் கொண்டது!

இதை மேலே கிளையிலிருந்து ஒரு மலையணில் பார்த்தது.

“என்னக்கா, குட்டியைப் போய் அடைச்சு வைக்கிறீங்க?”

“ரெண்டு நிமிஷம்டி! இருவாச்சி செய்யலையா? உன் வேலையைப் பாரு!”

அணில் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

பொய் சொல்லக் கூடாது. மந்தி நாலே நாலு பழம்தான் பறித்தது. திரும்பி வரவும் கிளம்பியது. அப்போதுதான் கூட்டத்துத் தலைவி, பெரிய மந்தி, கூப்பிட்டது.

“ஏ பிள்ளே! முதுகுல ஒரே அரிப்பு. கொஞ்சம் பேன் பாரு.”

மந்திக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கூட்டத்தில் அதற்குக் கடைசி இடம். எல்லோரும் தின்றுவிட்டுப் போட்ட கிளையில்தான் அது தின்ன வேண்டும். தலைவியின் முதுகைத் தொடும் பாக்கியம் அதுவரை கிடைத்ததில்லை. மற்ற மந்திகள் பழத்தை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. பார்க்கட்டுமே என்று இதுவும் உட்கார்ந்துகொண்டது.

“உன் குட்டி எங்கே?” என்று தலைவி கேட்டது.

“தூங்குதுங்கம்மா.”

“சமத்துக் குட்டி” என்று சொல்லித் தலைவி கண்ணை மூடிக்கொண்டது.

முதுகு முடிந்தது. தோள் முடிந்தது. காதுக்குப் பின்னால் ஆரம்பித்தது.

இதற்குள் வேங்கைமரத்தின் நிழல் நகர்ந்து போய்விட்டது. உச்சி வெயில் நேராகப் பட்டமரத்தின்மேல் இறங்கியது. ஈரமண் காய்ந்து ஓடாக இறுகியது. விரல் அளவு சந்து வழியாகக் காற்றா வரும்? பொந்து அடுப்பானது.

அந்த நேரத்தில்தான் மரங்கொத்தி புழு தேடி அங்கே வந்தது. டொக், டொக் என்று தட்டியது.

உள்ளேயிருந்து யாரோ மெதுவாகத் திருப்பித் தட்டினார்கள்!

‘புழு தட்டாதே!’ என்று திகைத்த மரங்கொத்தி, மறுபடியும் தட்டிப் பார்த்தது. இந்தத் தடவை ஒரே ஒரு தட்டல் கேட்டது. மூன்றாவது தடவை தட்டியபோது ஒன்றுமே கேட்கவில்லை.

அவ்வளவுதான். மரங்கொத்தி வெறி பிடித்ததுபோல் சுவரைக் கொத்தியது. அலகு உடைந்தது. அப்போதும் விடவில்லை. அது போட்ட கூச்சலில் மலையணில் ஓடி வந்தது, இருவாச்சித் தாயும் பறந்து வந்தது. தன் பெரிய அலகால் குட்டியைக் கவ்வி இழுத்து, ஓடைக்கரைக்குக் கொண்டுபோனது.

இதற்குப் பிறகுதான் மந்தி வந்தது. வந்தவுடன் சுவருக்காகச் சண்டையும் போட்டது.

“இங்கே வாடி!” என்று ஓடைப் பக்கமிருந்து குரல் வந்தது.

மந்தி பாய்ந்து ஓடியது. ஈரப் பாசியின்மேல் மொட்டு கிடந்தது. வாய் பிளந்திருந்தது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. இருவாச்சித் தாய் அலகை நீரில் முக்கி முக்கி அதன் உதட்டில் சொட்டுவிட்டது. மலையணில் தன் வாலால் விசிறிக்கொண்டிருந்தது.

“நீ செஞ்சதைத்தானே நானும் செஞ்சேன்!” என்று மந்தி அலறியது. “உன் பொந்துல எத்தனை மாசம் சுவர் இருந்துச்சு!”

“அந்தச் சுவருக்குள்ள யாருடி இருந்தது?” இருவாச்சி தலையைக்கூடத் திருப்பவில்லை. “நான் இருந்தேன்! இறகெல்லாம் உதிர்ந்து, காலை நீட்ட இடமில்லாம, குஞ்சோட நானும் கிடந்தேன். வெயில் அடிச்சா எனக்கும்தான் அடிச்சுது. நீ பிள்ளையை உள்ளே போட்டு, வெளியே நின்னு பூசியிருக்கே!”

மரங்கொத்தியும் பின்னாலேயே பறந்து வந்து கரையில் இறங்கியது.

“அப்படி என்ன வேலை அங்கே?” என்று மரங்கொத்தி கேட்டது.

“அது... தலைவிக்கு...”

“தலைவிக்கு என்ன?”

“பேன் பார்த்தேன்.”

சொன்ன பிறகு, அந்தச் சொல் மந்திக்கே கேட்கச் சகிக்கவில்லை. அது தன் விரல்களைக் கக்கத்தில் மறைத்துக்கொண்டது.

அணில் விசிறுவதை நிறுத்தாமல் முணுமுணுத்தது. “அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அழுது அழுது அடங்கிடும்னு நினைச்சேன். அவங்க பிள்ளை, அவங்க பாடுன்னு கொட்டை பொறுக்கப் போயிட்டேன்.”

யாரும் அதைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அணிலுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வெகு நேரம் கழித்து மொட்டுக்கு ஒரு விக்கல் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீரை விழுங்கியது. பிறகு இன்னொரு சொட்டு. கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தது.

மந்தி இரண்டடி பின்னால் போய் நின்றது. தன்னைப் பார்த்தால் குட்டி பயந்து வீறிடும் என்று அதற்குத் தோன்றியது. வீறிட்டால் நியாயம்தானே!

மொட்டு வீறிடவில்லை. தள்ளாடித் தள்ளாடி நேராக அம்மாவிடமே வந்தது. மார்பு மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டது. கோபித்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. அடைத்தது யார் என்பதே அதற்குத் தெரியாது.

மந்திக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. குட்டியை அணைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. பிறகு மெல்லக் கேட்டது:

“அண்ணே... அக்கா... உங்க கால்ல வேணாலும் விழறேன். இவ பெரியவளானதும் இதை மட்டும் இவகிட்ட சொல்லிடாதீங்க.”

மரங்கொத்தி அலகை ஓடையில் கழுவிக்கொண்டிருந்தது. இருவாச்சி வேறு பக்கம் பார்த்தது. அணிலின் வால் அசையாமல் நின்றது.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது தொந்தரவுதான். அந்தத் தொந்தரவோடு போங்கள், முடியாதென்றால் போகவே போகாதீர்கள், தயவுசெய்து அதை எங்கேயும் தனியாக அடைத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.