நாலு இன்ச்

“நாலு இன்ச்சா, ரெண்டு இன்ச்சா? ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்” என்றார் ஆசீர்வாதம்.

நாகஜோதி ஜீப்பின் அடியில் படுத்திருந்தாள். ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆசீர்வாதத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தபால் ஆபீசில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர். போடி மலையடிவாரத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை, மலைக் குடிகளுக்கு மருந்து கொண்டுபோகப் பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தது. அதை ஓட்ட ஆளில்லை என்றதும், நான் ஓட்டுகிறேன் என்று போய் நின்றார். மலைப்பாதையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நாகஜோதி. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

போன முறை கரடிப்பாறைக் குடியிருப்புக்குப் போகையில் வழியில் ஒரு பாறைமேல் ஜீப்பின் வயிறு இடித்து மாட்டிக்கொண்டது. நாலு சக்கரமும் சுற்றின, வண்டி நகரவில்லை. அவர் பெட்டியைச் சுமந்து நடந்து போய்ச் சேர்ந்தபோது, காத்திருந்த சனம் கலைந்து போயிருந்தது. வலிப்பு மாத்திரை தீர்ந்து போயிருந்த ஒரு பெண், அதற்குள் இரண்டு தடவை விழுந்து எழுந்திருந்தாள்.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. வண்டியை உயர்த்த லிஃப்ட் கிட் போட வேண்டும். நாலு இன்ச் போட்டால் எந்தப் பாறையும் தொடாது என்று உதிரிபாகக் கடைக்காரர் அடித்துச் சொல்லிவிட்டார்.

நாகஜோதி வெளியே வந்து கையைத் துடைத்தாள்.

“இது என் வண்டி. நாலு இன்ச் ஏத்தினதுதான். இன்னைக்கு இதுல மருந்து கொண்டு போங்க.”

சாவியை அவர் கையில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அந்தப் பாறை வந்தது. ஆசீர்வாதம் கியரைக் குறைத்து மெல்ல ஏற்றினார். ஜீப் அதை உரசாமல் தாண்டியது.

“பாத்தீங்களா டீச்சர்!” என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

“பாத்தேன்.”

கரடிப்பாறையில் மருந்து கொடுத்து முடிப்பதற்குள் அந்தக் குடியைச் சேர்ந்த மாசாணன் ஓடி வந்தான். அவன் பெண்டாட்டி வெள்ளச்சிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. தலைப்பிள்ளை. உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். சரிவில் நின்ற ஜீப்பின் பின்படி அவள் இடுப்பளவு உயரத்தில் இருந்தது.

வெள்ளச்சி காலைத் தூக்கிப் பார்த்தாள். எட்டவில்லை. மாசாணன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினான். அவள் அலறியதும் விட்டுவிட்டான். ஒரு கல்லை உருட்டி வந்து போட்டான். சரிவில் அது நிற்காமல் உருண்டு போனது.

ஆசீர்வாதம் ஓட்டும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகஜோதி சேற்றில் மண்டியிட்டாள். இரண்டு கையையும் தரையில் ஊன்றி முதுகைப் படியாகக் கொடுத்தாள்.

“ஏறு தாயி.”

“ஐயோ அக்கா, எப்படி மிதிக்கிறது?”

“மெதுவா மிதி. வலிக்காது.”

வெள்ளச்சி அழுதுகொண்டே மிதித்து ஏறினாள்.

இறக்கம் எளிதாக இல்லை. பாதை ஒருபக்கம் சாய்ந்த இடத்தில், உயர்ந்த வண்டி பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது. வெள்ளச்சி கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, கவுந்திரும்ணே” என்றாள். ஆசீர்வாதம் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. நடக்கிறவன் வேகத்தில் ஊர்ந்து போனார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பின்னாலிருந்து வந்த முனகல் அவர் முதுகில் விழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினார். தள்ளுபடுக்கை எடுத்துவர மாசாணன் உள்ளே ஓடினான்.

“அதுவரைக்கும் முடியாதுண்ணே, எறக்கி விடுங்க” என்றாள் வெள்ளச்சி.

நாகஜோதி அசையவில்லை. ஆசீர்வாதம் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பின்பக்கம் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுக் குனிந்தார்.

ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொரு கால். இரண்டு உயிரின் பாரம் அவர் முதுகில் ஒரு கணம் நின்று, இறங்கிப் போனது.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து சொன்னாள். பெண் குழந்தை. இருவரும் நலம்.

வெளியே சுவரோரம் ஆசீர்வாதம் இடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாகஜோதி டீ வாங்கி வந்து கொடுத்தாள்.

“முதுகு வலிக்குதா சார்?”

“வலிக்குது டீச்சர்.”

“எத்தனை இன்ச் வலிக்குது?”

அவர் டீயைக் கீழே வைத்தார்.

“ஆனா இந்த உயரம் இல்லேன்னா, இன்னைக்கு நாம மேலயே போயிருக்க முடியாதே” என்றார்.

“ஆமா. போயிருக்க முடியாது.”

“அப்ப நான் எதைத்தான் போடறது?”

நாகஜோதி தன் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த முறை ஆசீர்வாதம் அறக்கட்டளையின் பழைய ஜீப்பிலேயே போனார். பாறைக்குக் கீழே நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு விடிகாலையிலேயே நடந்தார். கரடிப்பாறையில் ஒருவர்கூடக் கலைந்து போயிருக்கவில்லை.

மாத்திரைகளைக் கொடுத்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து தையற்காரர் டேப்பை எடுத்தார். பலாமரத்தருகே பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முழங்கால் வீங்கியவர்கள், பிள்ளை சுமப்பவர்கள், வலிப்பு வரும் அந்தப் பெண்.

“வலிக்காம எவ்வளவு உசரம் தூக்க முடியுமோ, அவ்வளவு தூக்கும்மா காலை.”

ஒருத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். அவர் குனிந்து, தரையிலிருந்து அவள் பாதம் வரை டேப்பைப் பிடித்தார். மரப்பட்டையில் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்தார். அடுத்தவளுக்குக் கோடு இன்னும் கீழே விழுந்தது.

வெள்ளச்சி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“செருப்பு ஏதும் தைக்கப் போறீங்களாண்ணே? என்னத்த அளக்குறீங்க?”

“வண்டியோட படிய” என்றார் ஆசீர்வாதம்.