ஏழு காட்டுக் கரடியின் கைத்தடம்

வேங்கைமரக் காட்டில் தேன் விற்ற கரடி சடையன் நான்தான். கரடி கதை சொன்னால் கரடி விடுகிறது என்று சிரிக்காதீர்கள். இந்தக் கதையில் முட்டாளே நான்தான், இதில் பொய் சொல்லி எனக்கு என்ன லாபம்?

என் தேன் பானையின் வாயை மெழுகால் மூடி, அதில் என் கையைப் பதிப்பேன். அந்தத் தடத்தைப் பார்த்தாலே, "சடையன் தேன்! கலப்படமே கிடையாது!" என்பார்கள். அதை யாரும் திருடக் கூடாது என்று பதிவாளர் யானையம்மாவிடம் போய் முத்திரையாகப் பதிவு செய்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா, வெளிக்காடுகளிலும் இதைப் பதியணும்!"

"பதியலாம். நம்ம காட்டுப் பதிவைக் காட்டி ஒரே மனு போட்டால் போதும், சுற்றியிருக்கிற ஏழு காட்டுக்கும் அனுப்பிவிடுவேன். ஆனால் கேட்டுக்கொள் சடையா! ஐந்து வருஷத்துக்கு அந்த ஏழும் இந்த ஒன்றை நம்பித்தான் நிற்கும். இது ரத்தானால் அத்தனையும் ரத்து. முத்திரையை இங்கே மூன்று வருஷம் பயன்படுத்தாமல் போட்டு வைத்தாலும் ரத்துதான்!"

"சரிம்மா, சரிம்மா!" என்றேன். காதில் வாங்கினால்தானே?

ஏழு காடும் ஒப்புக்கொண்டன. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம். என்னிடம் குடை இல்லை, வாழையிலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஒருநாள் முயல் மருதாயி வந்தாள். "சடையண்ணே, பிள்ளைங்களுக்கு ஒரே இருமல். ஒரு சின்னப் பானை தேன் குடுங்களேன்!"

"இது ஏற்றுமதித் தேன், மருதாயி! உள்ளூர் வாய்க்கெல்லாம் கட்டுப்படியாகாது!"

"இந்த உள்ளூர் வாய்தானே அண்ணே உங்களுக்குப் பேர் வாங்கிக் குடுத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பொறாமை பிடித்தவள் என்று நினைத்தேன். நம்ம புத்தி அவ்வளவுதான்!

மூன்று வருஷம் ஓடியது. சொந்தக் காட்டில் ஒரு பானைகூட நான் விற்கவில்லை. இதற்காகவே காத்திருந்த நரி சங்கிலி, என் முத்திரை சும்மா கிடக்கிறது என்று மனு போட்டான். அவனுக்கு வெல்லப்பாகைத் தேன் என்று விற்கும் தொழில்.

யானையம்மா காட்டையே கூட்டினாள். "மூன்று வருஷத்தில் இங்கே சடையன் பானையை வாங்கியவர் யார்?"

ஒரு கையும் எழவில்லை. நான் மருதாயியைப் பரிதாபமாகப் பார்த்தேன். "நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் தாயே!"

"நான் கேட்டேன், நீங்க தரலை. இதில் என்ன அண்ணே சொல்றது?"

பதிவு ரத்தானது. அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "போனால் போகட்டும், எனக்கு ஏழு காடு இருக்கு!" என்றேன். குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"அட மண்டு! வருஷம் ஐந்து ஆகலையே, அந்த ஏழும் சேர்ந்தே போச்சு!" என்று யானையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மூன்று மாசத்துக்குள் காடு காடாய்ப் போய்த் தனித்தனியே மனு போடு. முதலில் பதிந்த பழைய தேதியாவது மிஞ்சும், பின்னால் வருகிறவன் உன்னை முந்த முடியாது!"

ஓடினேன். முதல் காட்டின் எல்லையிலேயே ஒரு மந்தி கடை போட்டிருந்தது. பானை மேலே கைத்தடம். விரலை விட்டு நக்கினேன். வெல்லப்பாகு! சங்கிலியின் சரக்கேதான்! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இது மோசடி! உண்மையான சடையன் நான்தான்!"

மந்தி என்னை ஏற இறங்கப் பார்த்தது. "காலையிலிருந்து இப்படிச் சொல்லிக்கிட்டு வந்ததில் நீங்க மூணாவது சடையன்! சரி, உங்க காட்டில் உங்க தேனைச் சாப்பிடுற ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, ஆளனுப்பி விசாரிக்கிறேன்."

வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒரு பேர்கூட இல்லை.

உள்ளூர்க்காரரை உதறிவிட்டு உலகப் புகழ் தேடுகிறவனுக்கு, கடைசியில் இரண்டுமே இல்லாமல் போகும்.