எடுக்கவா, அக்கா?

யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதைத் தவறவிடாமல் வாசியுங்கள். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் புடவைப் பிரிவு மரகதத்தின் பொறுப்பில் இருந்தது. அவள் கணவன் சிகாமணி, அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர், சுவிட்ச் பெட்டிகளைப் பொருத்துபவன். அந்தப் பெட்டிகளைத் தயாரிப்பதில் தாரகை, கோபுரம் என்ற இரண்டு நிறுவனங்களுக்குள் கடும் போட்டி. சிகாமணியின் சேமிப்பில் பாதி தாரகையின் பங்குகளில் இருந்தது; மீதி வங்கியில். மரகதத்தின் தம்பி குழந்தைவேலு பங்குத்தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்தான். மாமாவின் கணக்கில் வாங்குவதும் விற்பதும் அவன் கையால்தான். ஆனால் அவன் கோபுரத்தின் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வழக்கமான சண்டை தொடங்கியது.

"தாரகைப் பெட்டி மேல தோசை சுடலாம் மாமா, அவ்வளவு சூடு. கோபுரம் பாருங்க, தொட்டா ஜில்லுன்னு இருக்கும்."

"வேலை செஞ்சாத்தானே மாப்ள சூடாகும்?" என்றான் சிகாமணி. "தாரகையில இன்னும் கொஞ்சம் போடலாம்னு இருக்கேன்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த மரகதம், "போடறது இருக்கட்டும். அம்மாவுக்குப் புடவை எடுக்கணும். பேங்க்ல பணம் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

குழந்தைவேலுவுக்குச் சிரிப்பு வந்தது. "இந்த வீட்டுல ஒரே சொல்லு ரெண்டு பக்கமும் போகுது. அக்கா எடுத்தா பொருள் உள்ள வருது. மாமா எடுத்தா வெளிய போயிடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு பேச்சு மாறிவிட்டது.

சில மாதங்கள் கழித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தாரகைப் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சிகாமணி மயங்கி விழுந்தான். பக்கவாதம். மருத்துவமனைக்கு ஓடிவந்த மரகதத்தின் கையை, ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அவன் பிடித்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"தாரகை... எடுத்துடு. வேலுகிட்ட... சொல்லு."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அவனைத் தூக்கிவந்த கூட்டாளி ரஃபி, சட்டையெல்லாம் தூசியாக வாசலில் நின்றிருந்தான். மரகதம் விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணன் சொன்னாச் செஞ்சுடுங்க அண்ணி. நானும் காலையிலேயே எடுத்துட்டேன்."

பிழைக்காமல் போனாலும் இவளுக்கு ஏதாவது சேரட்டும் என்று அந்த நிலையிலும் யோசித்திருக்கிறாரே என்று மரகதம் எண்ணினாள். தம்பிக்குப் போன் செய்தாள்.

"மாமா தாரகையை எடுக்கச் சொன்னாருடா. பேசவே முடியல, அப்பவும் இதைத்தான் சொன்னாரு."

மறுமுனையில் குழந்தைவேலு பழைய சண்டையையே தொடங்கினான்.

"கோபுரம் கோபுரம்னு நான் கத்துனப்ப யாரு கேட்டீங்க?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"எடுக்கவா, அக்கா?"

"எடு. பேங்க்ல இருக்கறது முழுசுக்கும்."

"சரி. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

அந்த வாரமே செய்தி வந்தது. தாரகைப் பெட்டிகள் சூடேறிக் கருகுகின்றன. விற்றதையெல்லாம் நிறுவனமே திரும்பப் பெறுகிறது. பங்கின் விலை சரிந்தது. விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை.

சிகாமணி உயிர் பிழைத்தான். பேச்சுக்கும் கைகாலுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும், தொடக்கத்திலேயே கொடுத்தால்தான் பலன் என்றார் மருத்துவர். அதற்குப் பணமில்லை. பாதியிலேயே வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். தாரகையை வாங்கியதை மரகதம் சொன்னபோது அவன் கண்களை மூடிக்கொண்டான். அசையும் இடக்கையால் கட்டிலை ஒருமுறை அடித்தான். அந்தக் கையால் அவளைத் தொட அவனுக்கு வெகுநாளாயிற்று.

"நான் உண்மையைத்தான் சொன்னேன் அண்ணி" என்றான் ரஃபி.

"நீ சொன்னதைத்தான் செஞ்சேன் அக்கா" என்றான் குழந்தைவேலு.

இருவர் சொன்னதும் உண்மை. அப்படியானால், சிகாமணியின் பேச்சு திரும்பாமல் போனதற்குப் பொறுப்பு யார்? சொன்னவனா, ஆமோதித்தவனா, கேட்டவளா, வாங்கியவனா?

விடை: சிகாமணிக்கு வாங்குவது என்றால் "போடுவது", "எடுத்துடு" என்றால் விற்றுவிடு. அன்று பள்ளிக்கூடத்தில் அவர்கள் கழற்றியது கருகிய பெட்டிகளை; ரஃபியும் அவற்றைக் கழற்றியவன்தான். தன் பங்குகளைக் காலையிலேயே விற்றிருந்தான். மரகதத்துக்கோ, கடையில் நாளெல்லாம் புழங்கும் அந்தச் சொல்லுக்கு வாங்குவது என்று பொருள். அந்த நேரத்தில் இந்த மூவர் மனத்திலும் இருந்தது ஆளுக்கொரு பொருள்தான். இரண்டையும் நினைவில் வைத்திருந்தவன் குழந்தைவேலு ஒருவனே. அன்று சாப்பாட்டில் அதைச் சொல்லிச் சிரித்தவனும் அவனே. மாமா விற்கச் சொல்கிறார், அக்கா வாங்கச் சொல்கிறாள் என்பது போனிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. "வாங்கவா, விற்கவா?" என்று அவன் கேட்டிருக்கலாம். "எடுக்கவா?" என்று கேட்டான்.

மரகதம் மறுபடி வேலைக்குப் போகிறாள். கடைக்கு வருபவர்களிடம் "புடவை எடுக்க வந்தீங்களா?" என்று அவள் இப்போது கேட்பதில்லை. "வாங்க வந்தீங்களா?" என்கிறாள்.