கூடில்லாத ஆள்காட்டி

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, காடு முழுவதையும் ஒரு கொம்பன் யானை ஆண்டது. ஒருநாள் அது மலைக்குப் போய்விட்டது. உடனே புல்வெளி முயல்களின் நாடாயிற்று, முட்காடு மயில்களின் நாடாயிற்று, ஏரி ஆமைகளின் நாடாயிற்று. சுதந்திரம் வந்த கையோடு மூன்று நாட்டாரும் எல்லைக்கல் நட்டார்கள். அதைவிட அவசரமான வேலை யாருக்கும் தோன்றவில்லை.

காட்டுத்தீ எல்லைக்கல்லை மதிக்காது என்பது இரண்டு கோடையில் புரிந்தது. மூன்று எல்லையும் சேரும் பொட்டலில் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். ஆபத்து வந்தால் எல்லாருக்கும் குரல் கொடுக்க, ஏரிக்கரையில் குடியிருந்த ஆள்காட்டிக் குருவியை அமர்த்தினார்கள். ஒரே ஒரு நிபந்தனை, மூன்று தலைவர்களும் தலையசைத்த பிறகுதான் அது கத்தலாம். யானையிடம் பட்ட பாடு அப்படி. இனி அடுத்தவர் விஷயத்தில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

ஆள்காட்டிக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. நாணலுக்குள் கட்டிய கூட்டில் நான்கு முட்டைகளின்மேல் உட்கார்ந்தாலும் கண் மூன்று பக்கமும் ஓடும்.

ஒரு நண்பகலில் முயல் நாட்டில் புகை கிளம்பியது. ஆள்காட்டி பறந்து போய்க் கேட்டபோது, முயல் தலைவர் தணலை மிதித்துக்கொண்டே தலையசைக்க மறுத்தார்.

"எங்க வீட்டு நெருப்ப நாங்களே அணைச்சுக்குவோம். வெளியே தெரிஞ்சா, இதுங்களுக்கு ஆளத் தெரியலன்னு யானை சிரிக்கும்."

முயல் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது என்றார் மயில் தலைவர். ஆமைத் தலைவர் ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டுவதற்குள் காற்று திரும்பி, தீ எல்லைப் பக்கம் பாய்ந்தது.

எல்லைக்கல் அருகே முயல் குட்டிகள் ஒடுங்கி நின்றன. கல்லைத் தாண்டக் கூடாது என்று சொல்லி வளர்த்த குட்டிகள், தாண்டாமல் நின்றன. ஆள்காட்டி அவற்றின் தலைக்கு மேலே வட்டமிட்டது. கத்தினால் வேலை போகும், கரையில் இருக்கும் இடமும் போகும். தொண்டை கிழியக் கத்தியது.

மயில்கள் முள்ளை விலக்கிக் குட்டிகளை உள்ளே விட்டன. ஆமைகள் ஈரச் சேற்றைத் தள்ளிக்கொண்டு வந்தன. தீ பொட்டலோடு நின்றது.

மாலையில் சங்கம் கூடியது. மீசை கருகிய முயல் தலைவர் ஆள்காட்டியைத்தான் விசாரித்தார்.

"நீ ஆமை நாட்டுக்காரி. எங்க மானத்த வாங்க அவங்கதான் ஒன்ன ஏவிவிட்டாங்களா?"

ஆமைத் தலைவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஆள்காட்டிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கத்துனதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஒரு நாட்டுல குடியிருக்கிறதுதான் குத்தம்னா, எனக்கு எந்த நாடும் வேணாம்."

நாணலுக்குப் போய், நான்கு முட்டைகளையும் ஒவ்வொன்றாக உருட்டி, யாருக்கும் சொந்தமில்லாத பொட்டலுக்குக் கொண்டுவந்தது. தலையசைக்கும் நிபந்தனையைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டி கூடு கட்டாமல் வெட்டவெளியில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடுகிறது. எந்த நிழல் அசைந்தாலும், யாரையும் கேட்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி கத்துகிறது.